நர்சிங் படிப்பும் இரவு வேலையும்: எதை விடுவது, எதைத் தொடர்வது?

உசிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரைக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கலந்தாய்வில் கிடைத்த இடம்தான் என்றாலும், கல்விக் கட்டணத்துக்கு மேல் அறை வாடகை, பேருந்துக் கட்டணம், சீருடை, ரெக்கார்டு நோட்டுகள், தேர்வுக் கட்டணம் என்று சேரும் தொகை, உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தையும் நாலைந்து ஆடுகளையும் நம்பியிருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெரிய பாரம். ஆகவே சென்ற ஆண்டிலிருந்து ஓர் ஏஜென்சி மூலம் வீட்டு நோயாளிகளைக் கவனிக்கும் இரவு வேலைக்குப் போய்வருகிறேன்.

வாரத்துக்கு நான்கு இரவுகள். இரவு எட்டு மணிக்கு அண்ணா நகரில், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரின் வீட்டுக்குச் சென்றுவிட வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதால், இடையில் கண்ணயர்ந்தாலும் அது தூக்கமாகச் சேருவதில்லை. இரவிலும் விடியற்காலையிலும் மூக்குக் குழாய் வழியாக உணவு, காலையில் இன்சுலின், பிறகு உடல் துடைத்தல். ஆறு மணிக்கு மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு அறைக்கு வந்து குளித்து, ஏழரை மணிக் கல்லூரிப் பேருந்தைப் பிடித்தால் மாலை நாலரை வரை போஸ்டிங்கும் (வார்டில் செய்யும் பயிற்சி) வகுப்பும் இருக்கும். ஓர் இரவுக்கு 500 ரூபாய் தருகிறார்கள்.

உடல் அசதியைப் பற்றி மட்டும் சொல்வதாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சென்ற வாரம் வார்டில், மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. எப்போது கையை விடுவார், எப்போது உட்காரலாம் என்றுதான் தோன்றியது. முதலாம் ஆண்டில் நான் இப்படி இருந்தவள் இல்லை. கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுத உட்கார்ந்தால் கட்டில் எண் நினைவுக்கு வருகிறது, முகம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கினாலும் எழும்போது தூங்கியதாகவே தெரியவில்லை. அம்மா போன் செய்தால் எரிந்து விழுகிறேன். படிகளில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது.

தோழிகளிடம் சொன்னால், வேலைக்குப் போன பிறகும் இதே வாழ்க்கைதான், இப்போதே பழகிக்கொள் என்கிறார்கள். ஓராண்டு படிப்பை நிறுத்திவைத்துச் சம்பாதித்துவிட்டு வரலாமா என்றும் யோசிக்கிறேன். நர்சிங்கை விட எனக்கு மனமில்லை. எனக்கு நேர்ந்திருப்பது சோம்பலா, வேறு ஏதாவதா? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் எதை விட்டீர்கள், எதை விடாமல் வைத்துக்கொண்டீர்கள்?

வார்டு சிஸ்டர், கோரிப்பாளையம்

பாப்பா, முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தின்படி உனக்கு வாரம் 40 மணி நேரம் வகுப்பும் வார்டும் உண்டு. நான்கு இரவுகளுக்குப் பத்து மணி நேரம் என்றால் அது இன்னொரு 40. ரெக்கார்டு எழுதுவதையும் பேருந்தில் போய்வருவதையும் சேர்க்காமலே 80 மணி நேரம் வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பணியில் இருக்கும் என்னை அந்த 80 மணி நேரம் வேலை பார்க்கச் சொன்னால் சங்கம் வாசலில் வந்து நிற்கும். உன்னைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் கொடு.

நீ சொன்ன அறிகுறிகள் எனக்குப் புதியவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில், 2019-இல், பணிச் சோர்வை மூன்று அடையாளங்களால் விவரித்தது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்பு வளர்தல், செய்கிற வேலை சரியாக நடக்கிறது என்ற நம்பிக்கை குறைதல். இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் நீடிக்கும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டி அழுதபோது உனக்கு ஒன்றும் தோன்றாதது அந்த இரண்டாவது அடையாளம். கல் நெஞ்சம் என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. கொடுத்துக்கொண்டே இருந்த மனம் மேலும் கொடுக்க ஏதுமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைப் பற்றி 1974-இல் விரிவாக எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளரும் பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலைக்குப் பிறகு நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை செய்தவர்தான். பகலும் இரவும் பிறர் துன்பத்தோடு இருப்பவர்களுக்கு நேர்வதை அவர் தன்னிடமும் தன்னோடு இருந்தவர்களிடமும் பார்த்துத்தான் எழுதினார்.

இன்னொன்றை நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் நீ மூக்குக் குழாயில் உணவு செலுத்துகிறாய், இன்சுலின் போடுகிறாய். வார்டில் இவற்றைச் செய்யும்போது உன் பின்னால் டியூட்டரோ ஸ்டாஃப் நர்ஸோ நிற்கிறார். தவறு நடந்தால் பொறுப்பேற்க ஆள் உண்டு. படிப்பை முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யும் வரை நீ சட்டப்படி செவிலியர் இல்லை. குழாய் இடம் மாறியிருப்பதைக் கவனிக்காமல் தூக்கக் கலக்கத்தில் செலுத்திய உணவு நுரையீரலுக்குள் போய்விட்டால், ஏஜென்சி உன்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அங்கே உன்னைச் சிஸ்டர் என்று அனுப்பியிருக்கிறார்களா, உதவியாளர் என்று அனுப்பியிருக்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள். புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, பக்கத்தில் இருப்பது ஆகியவற்றை நீ செய்யலாம். இன்சுலின் போட மருமகளுக்கு மருத்துவரோ பதிவு பெற்ற செவிலியரோ கற்றுக்கொடுக்கட்டும். எத்தனையோ வீடுகளில் குடும்பத்தார்தான் போடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு அவர் எழுந்து வரத்தானே செய்கிறார்.

என் யோசனை ஒன்றுதான்: மறுநாள் போஸ்டிங் இருக்கும் எந்த இரவிலும் வேலைக்குப் போகாதே. மறுநாள் காலையில் கல்லூரி இல்லாத இரவுகளை வேண்டுமானால் வைத்துக்கொள்.

இரவுப்பணி

சிஸ்டர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். அந்த வரியும் தவறு என்று சொல்லவில்லை. நான்கு இரவு இரண்டு இரவு ஆனால் மாதம் நாலாயிரம் ரூபாய் குறையும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நிரந்தரப் பணியில் இருப்பவரின் அறிவுரையாக மட்டும் நின்றுவிடும். நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோவை முடித்து, பதிவு பெற்று, ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தவன். எங்கள் மாதிரி ஆட்கள் படிக்கும்போது வேலைக்குப் போவதற்கும், வேலைக்குப் போன பிறகும் கூடுதல் வேலை தேடுவதற்கும் காரணம் ஒன்றே. உச்ச நீதிமன்றம் 2016-இல் தலையிட்ட பிறகு மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நான் பார்த்த சிறு மருத்துவமனைகளில் அந்தப் பரிந்துரை சுவரில் ஒட்டக்கூட வந்து சேரவில்லை. ஆகவே, இப்போது பழகிக்கொள் என்று சொல்லும் தோழிகளை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் காரியம். இரவு வேலையை எப்படிச் செய்தாலும் உடம்பு அதைப் பகலாக ஏற்றுக்கொள்ளாது. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடலின் வெப்பநிலை மிகவும் இறங்கியிருக்கும், கவனமும் அப்போதுதான் மிகவும் தாழ்ந்திருக்கும். நீங்கள் குழாயில் உணவு செலுத்துவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இசைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்குவதைக் கண்டார்கள். 24 மணி நேரம் ஆகும்போது அது 0.10 சதவீதத்துக்கு நிகராகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறரைக்கு எழுந்த நீங்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டை விட்டு இறங்கும்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தோழியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். ஷேர் ஆட்டோவில் வாருங்கள்.

வெள்ளி, சனி இரவுகளை மட்டும் வைத்துக்கொண்டால் சில ஏற்பாடுகளைச் செய்யலாம். வெள்ளி மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் ஐந்தரை முதல் ஏழு வரை படுத்துவிடுங்கள். வேலைக்கு முன் போடும் தூக்கம், பின்னால் போடும் தூக்கத்தை விட அந்த இரவுக்கு உதவும். குடித்த டீயின் காஃபினில் பாதி கரையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு டீயோ காபியோ வேண்டாம். காலையில் அறைக்கு வந்ததும் துணி துவைப்பது, போன் பார்ப்பது எதையும் தொடாமல் ஏழு மணிக்குள் படுத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரையில் மாடி அறையிலோ தகர ஷெட்டிலோ இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்பதரைக்கு மேல் அங்கே கண் மூட முடியாது. சன்னலுக்குக் கனத்த துணி போட்டு, கீழ்த்தள அறையில் இருக்கும் தோழியோடு இடம் மாற்றிக்கொண்டால்கூட நல்லதுதான்.

குறைகிற நாலாயிரத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் மாலையில் மட்டும் நடக்கும் கிளினிக்குகள் ஏராளம். டோக்கன் கொடுக்கவும், பெயர் எழுதவும், எடையும் உயரமும் பார்க்கவும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஆள் தேடுவார்கள். சம்பளம் குறைவு, ஆனால் பத்து மணிக்குப் படுத்துவிடலாம். அதிலும் வாரத்தில் மூன்று நாள் என்று பேசிக்கொள்ளுங்கள், ஆறு நாளும் ஒத்துக்கொண்டால் ரெக்கார்டு எழுத நேரம் இராது. ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், காரணத்தை சிஸ்டர் மேலே சொல்லிவிட்டார்கள்.

மேலூர் அப்பா

எல்லோரும் பிள்ளையைப் பயமுறுத்துகிறீர்கள் என்று படுகிறது. என் மகளும் நர்சிங் படித்தவள்தான். விடுமுறையில் எல்லாம் நர்சிங் ஹோமில் வேலை பார்த்தாள், இன்று வெளிநாட்டில் இருக்கிறாள், தம்பியைப் படிக்க வைக்கிறாள். நாற்று நட்டுக் களையெடுத்த எங்கள் தலைமுறை இரவு பகல் பார்த்ததில்லை. இளம் வயதில் கொஞ்சம் கஷ்டப்பட்டால் உடம்பு தாங்கும். மகளே, தைரியமாக இரு, பழகிவிடும்.

வார்டு சிஸ்டர், கோரிப்பாளையம்

ஐயா, உங்கள் மகள் விடுமுறையில் வேலை பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிள்ளை பாட வேளை நடக்கும்போதே பார்க்கிறது, இரண்டும் ஒன்றாகாது. எங்கள் வார்டில் நைட் டூட்டி முடித்தவருக்கு ஆஃப் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். நைட் முடித்த கையோடு காலை டூட்டிக்கும் நில் என்று எந்த இன்சார்ஜும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பாப்பா வாரத்தில் நான்கு நாள் அதைத்தான் செய்கிறாள். உழைப்பு உடம்பை உறுதியாக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. வயலில் உழைத்தவர்கள் இருட்டியதும் படுத்தார்கள் ஐயா.

ஓய்வுபெற்ற டியூட்டர்

ஓராண்டு நிறுத்திவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில், பணம் சம்பாதிக்க என்று இடையில் நின்ற மாணவிகளில் திரும்பி வந்தவர்கள் சிலரே. வீட்டில் அந்த வருமானத்துக்குப் பழகிவிடுவார்கள், கூடவே கல்யாணப் பேச்சும் வந்துவிடும். திரும்பி வந்தவர்களும் தங்கள் தோழிகள் இல்லாத வகுப்பில் தனியாக உட்கார வேண்டியிருந்தது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் அது வேறு; பணத்துக்காக நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வருகைப் பதிவைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021-இல் திருத்தப்பட்டுச் செமஸ்டர் முறைக்கு மாறிய பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டர் என்பது 20 வாரங்கள். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் கோட்பாட்டு வகுப்புகளிலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் செய்முறையிலும் வார்டுப் பணியிலும் பட்டம் வாங்குவதற்குள் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். அதாவது அசதியால் நீங்கள் போகாமல் விட்ட ஒவ்வொரு போஸ்டிங்கும் கடனாக நிற்கும், அதை விடுமுறையில் அடைக்க வேண்டிவரும். மூன்றாம் ஆண்டில்தான் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் ஆகியவற்றோடு ஆறாம் செமஸ்டரில் மகப்பேறும் வந்து சேருகிறது. பிரசவ அறையில் கேஸ்கள் நம் வசதிக்கு வருவதில்லை, வரும்போது விழித்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இருக்கிற சக்தியை அதற்குச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளையும் இங்கே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். வகுப்பில் தலை சாய்கிற பிள்ளையை எழுப்பி வெளியே நிற்க வைப்பதோடு பல ஆசிரியர்களின் கடமை முடிந்துவிடுகிறது. ஏன் தூங்குகிறாய் என்று தனியே அழைத்துக் கேட்பவர்கள் குறைவு. மாணவிகளை ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கைகளாக வார்டில் நிறுத்திவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் சொல்லும் இடங்களும் உண்டு. நானும் அந்த அமைப்புக்குள்ளேயே வேலை பார்த்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், நீங்களாகப் போய் உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் நிலைமையை எழுத்தில் கொடுங்கள். அது பதிவாக இருந்தால், பிறகு ஈடுசெய்ய வேண்டிய போஸ்டிங்கை எந்த வாரத்தில் வைப்பது என்று பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

பணத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் கல்லூரியில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஆதார் இணைப்பில்தான் சிக்கல் இருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால், உங்கள் சாதிச் சான்றிதழுக்கு ஏற்ப ஆதிதிராவிடர் நலத்துறையோ, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையோ வழங்கும் மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அந்தத் துறைகளின் அலுவலகங்களுக்குச் சென்று கேட்கலாம். முதலாம் ஆண்டில் விண்ணப்பித்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். கல்விக் கடனையும் யோசியுங்கள். கடன் என்றாலே நம் ஊரில் வட்டிக்காரரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கல்விக் கடனைப் படிக்கும் காலம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு திருப்பிக் கட்டத் தொடங்கினால் போதும். நீங்கள் இப்போது இரவுத் தூக்கத்தை விற்று அதே பணத்தைத்தான் முன்கூட்டியே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மனநல வார்டுக்காரி

நான் மனநலப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். எல்லோரும் மனதைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேசிவிட்டார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்ற ஒரே வரி. நாளைக்கே ஓ.பி.க்குப் போய் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நர்சிங் மாணவிகள், தங்கள் விரலில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பதில்லை. காலையில் சாப்பிடாமல் பேருந்து ஏறுவது, மதியம் கேன்டீன் எலுமிச்சைச் சோறு, இரவு அந்த வீட்டில் கொடுப்பது என்று ஓடுபவருக்கு இரும்புச் சத்து எங்கிருந்து வரும்?

அடுத்து, பணிச் சோர்வும் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது: வேலையும் கல்லூரியும் இல்லாமல் ஊரில் இருந்த நாட்களில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, உங்களுக்குப் பிடித்த ஒன்றில் மனம் போனதா? பொங்கலுக்கோ, ஊர்ச் சாட்டுக்கோ, சித்திரைத் திருவிழாவுக்கோ போய், இரண்டாம் மூன்றாம் நாளில் பழையபடி சிரிக்க முடிந்தால், உங்களை அழுத்துவது பெரும்பாலும் வேலைச் சுமையே. அங்கேயும் எதிலும் நாட்டமில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது, உங்களை நீங்களே வேண்டாதவராக நினைக்கிறீர்கள் என்றால் அது சிகிச்சை வேண்டிய நிலை. அரசு இராசாசி மருத்துவமனையின் மனநல ஓ.பி.யில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் ரெக்கார்டு, போஸ்டிங் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே போக வேண்டும். மனநலப் போஸ்டிங்கில் வரும் மாணவிகளே, தங்களை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அந்த ஓ.பி. வாசலைத் தவிர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். வார்டன்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, சீட்டில் இருப்பதை யாரும் கல்லூரிக்கு அனுப்புவதில்லை.

உசிலை மாணவி

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மேலூர் ஐயாவின் அன்புக்கும்தான். இரத்தம் பார்த்தேன், ஹீமோகுளோபின் 8.9. தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டு மருமகளிடம் பேசியபோது, நான் எதிர்பார்த்ததைப் போல அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்கள் இன்னும் படிக்கிற பிள்ளை என்று ஏஜென்சி எங்களிடம் சொல்லவே இல்லையே என்று அவர்தான் ஆச்சரியப்பட்டார். மாமனாரைப் பார்க்கும் மருத்துவரிடமே இன்சுலின் போடக் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். குழாயில் உணவு கொடுக்கக் காலையில் பதிவு பெற்ற ஒருவரை அனுப்பும்படி ஏஜென்சியைக் கேட்டிருக்கிறார். இந்த மாதம் முடிந்ததும் வெள்ளி, சனி இரவுகள் மட்டும் வருவதாக ஏஜென்சிக்குத் தெரிவித்துவிட்டேன். வேறு ஆள் கிடைத்தால் உன்னை எடுத்துவிடுவோம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சித்திரைத் திருவிழாவைப் பற்றிய கேள்விக்கு, ஊருக்குப் போனால் மனம் தெளிகிறது என்பதுதான் என் பதில். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. கல்விக் கடனுக்காக எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கு அப்பா போனார். முதலாம் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் கிடையாது என்று அனுப்பிவிட்டார்களாம். உண்மையிலேயே கிடையாதா? மாத்திரையைக் காலையில் டீயோடு சேர்த்துப் போடலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

மனநல வார்டுக்காரி

டீயோடு கூடவே கூடாது, இரும்பைச் சேரவிடாமல் அது தடுத்துவிடும். டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ போட்டால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், நிறுத்திவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி இரத்தம் பாருங்கள். எண் ஏறிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை விட்டுவிட்டால் உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்குள் திரும்ப இறங்கிவிடும்.

ஓய்வுபெற்ற டியூட்டர்

படிப்பின் நடுவிலும், எஞ்சியிருக்கும் ஆண்டுகளின் செலவுக்குக் கல்விக் கடன் கேட்கலாம். நான் பணியில் இருந்தபோது மூன்றாம் ஆண்டில் வாங்கிய மாணவிகளுக்கு நானே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு என்றாலும், வாய்ச்சொல்லை நம்பித் திரும்பிவர வேண்டியதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு போங்கள். கல்லூரியிலிருந்து படிப்புச் சான்றிதழும், இனி வரும் செமஸ்டர்களுக்கான கட்டண விவரமும் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, இதுவரையிலான மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்றிதழ், உங்களுடையதும் அப்பாவுடையதுமான ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவையும் வேண்டும். நாலு லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது, அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அறை வாடகையையும் புத்தகச் செலவையும் சேர்த்தே கேளுங்கள், கல்விக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த முறை அப்பாவை மட்டும் அனுப்பாமல் ஒரு சனிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனுவோடு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம்.